ஒரு நூல், மூன்று மரை: அம்பாசடரின் ஆயில் பிரஷர் ஹோஸ்

வண்டிக்கு அடியில் பன்னிரண்டு நாளாக ஓர் அட்டைப்பெட்டித் துண்டை விரித்து வைத்திருக்கிறேன். இன்று காலையிலும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நேர் கீழே புதுச் சொட்டு எதுவும் இல்லை. சரி, இனி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் மாற்றியது ஓரடி நீள ரப்பர் குழாய் ஒன்று, அவ்வளவுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவர் "அரை மணி நேர வேலைங்க" என்றார். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமையும், ஒரு செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவும் போயின.

வண்டி 1977 அம்பாசடர் மார்க் 3. அப்பா வாங்கியது. எஞ்சின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பரம்பரையில் வந்த 1489 சிசி பெட்ரோல். ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கை அப்பா நம்பவே மாட்டார். "வெளக்கு எரியறப்போ எஞ்சின் பாதி செத்திருக்கும்" என்பார். எண்பதுகளில் அந்த விளக்கின் ஸ்விட்சையே கழற்றிப் போட்டுவிட்டு, அதே துளையில் இணைப்புக் கொடுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டினார். இந்த வகைக் கேஜில் ஒயர் கிடையாது. எஞ்சினுக்குள் ஓடும் அதே ஆயில்தான் குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வந்து முள்ளைத் தள்ளும். எஞ்சின் பிளாக்கின் வலது பக்கம் பின்கோடியில் ஒரு பித்தளை அடாப்டர், அதிலிருந்து ஓரடி ஹோஸ், அப்புறம் வண்டியின் பாடித் தகட்டோடு கிளிப் போட்ட மெல்லிய செப்புக் குழாய், கடைசியில் கேஜ். நேராகச் செப்புக் குழாயே கொடுத்துவிடலாமே என்று நினைக்கலாம். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், தகடு ஆடாது. நடுவில் வளைகிற துண்டு ஒன்று இல்லாவிட்டால் செப்பு கொஞ்ச நாளில் விரிசல் விட்டுவிடும்.

அப்பா போட்ட அந்த ஹோஸ் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. போன மாதம் பெரியநாயக்கன்பாளையம் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும்போது, எப்போதும் 50-ல் நிற்கும் கேஜ் முள் 30-க்கு வந்தது. கூடவே அடுப்பில் எண்ணெய் காந்துகிற மாதிரி ஒரு வாடை. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால், ஸ்டீயரிங் ராடு, ஸ்டார்ட்டர், கீழே ரோடு எல்லாம் ஆயில். ஹோஸ் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்துப்போய், நட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி வெடித்திருந்தது. டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. இந்தக் குழாய் எஞ்சினின் முக்கிய ஆயில் பாதையிலிருந்து வருவது என்பதால் பம்ப் சுற்றும்வரை கொட்டிக்கொண்டேதான் இருக்கும். இன்னும் ஐந்து நிமிஷம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். விளக்கைக் கழற்றிய அப்பாவைப் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு முள்தான் காப்பாற்றியது. அதே முள்ளுக்காகப் போட்ட ஹோஸ்தான் ஆயிலையும் கொட்டியது என்பது தனிக்கணக்கு.

வீடு வந்து சேர்ந்தது ஒரு சைக்கிள் கடைக்காரர் புண்ணியத்தில். ஹோஸைக் கழற்றிவிட்டால் துளையை எப்படி அடைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்சக்கரத்து பேரிங் குண்டு ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு நூல் குண்டு, அதாவது கால் இஞ்ச். அதை அடாப்டரின் வாயில் வைத்து, மேலே பழைய ஹோஸின் நட்டையே போட்டு முறுக்கினார். குண்டு கூம்புக்குள் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டது. டிக்கியில் இருந்த ஒரு லிட்டர் ஆயிலை ஊற்றி, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டே கோவை கணபதியில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். குண்டுக்கு அவர் காசு வாங்கவில்லை. ஆனால் அந்தக் குண்டுக்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு. நட்டைக் கழற்றிக் குண்டை எடுத்ததும் தெரிந்தது, பித்தளைக் கூம்பில் வட்டமாக ஒரு பள்ளம். இரும்புக் குண்டு, மெத்தென்ற பித்தளை, வேறென்ன ஆகும்? புது ஹோஸின் மூக்கு அந்தக் கூம்பில் சரியாக உட்கார்ந்தால்தான் கசியாது. ஆக ஹோஸோடு அடாப்டரையும் மாற்ற வேண்டும். வெர்னியரில் அளந்தேன். மரையின் வெளிவிட்டம் 9.7 மி.மீ. கணக்குப் போட்டால் மூன்று நூலுக்குக் கிட்ட வருகிறது. கடையில் போய் மிடுக்காக "த்ரீ பை எய்ட் அடாப்டர் கொடுங்க" என்றேன். கடைப்பையன் கொண்டு வந்து வைத்தது என் கட்டைவிரலைவிடப் பெரிசு. 3/8 பி.எஸ்.பி., அதாவது பிரிட்டிஷ் பைப் மரை, என்பதன் வெளிவிட்டம் 16.66 மி.மீ. பைப் மரையில் சொல்லும் அளவு பழைய காலத்து இரும்புக் குழாயின் உள்விட்டத்தை வைத்து வந்தது. வெளியே எங்கே அளந்தாலும் அந்த எண் கிடைக்காது. என் கையில் இருந்த 9.7 மி.மீ. சாமானுக்குப் பெயர் 1/8, நம் தச்சர் கணக்கில் ஒரு நூல். இது தெரியாமல் அன்றைக்கு நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஒன் பை எய்ட்டுங்களாண்ணா, இதுல இருக்கும் பாருங்க" என்று பையன் ஒரு தட்டைத் தூக்கி வைத்தான். பித்தளை அடாப்டர்கள் எல்லாம் கலந்து கிடந்தன. என் பழையதைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்து இரண்டைப் பொறுக்கினேன். ஒன்று 60 ரூபாய், இன்னொன்று 80. "ரெண்டும் ஒண்ணுதாங்கண்ணா" என்றான். அங்கிருந்து ஹோஸ் கடை. ஆயில் என்றதும் அவர்கள் ஹைட்ராலிக் ஹோஸைத்தான் எடுத்தார்கள், கால் இஞ்ச் உள்விட்டம், உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல். பழைய ஹோஸையே நீளத்துக்குக் காட்டினேன், 12 இஞ்ச். இரண்டு முனையிலும் நட்டு வைத்து மெஷினில் அழுத்திக் கொடுத்தார்கள், 380 ரூபாய். "இது இருநூறு பார்கிட்டத் தாங்கும் சார், ஜேசிபிக்குப் போடறது" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். பார் என்பது அழுத்தத்தின் அளவு. என் எஞ்சினில் வருவது நான்கு பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் முதல் அடாப்டர் அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, அது நேர்மையான சாமான். பிற்பாடு அளந்ததில் 10 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) 1 மி.மீ., அதாவது மெட்ரிக். பிரேக் பைப்பில் வரும் வகை. இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றியது. கையால் ஒன்றரைச் சுற்று வழுவழு என்று போனது. அப்புறம் இறுகியது. ஸ்பேனர் போட்டேன், இன்னும் ஒரு சுற்று போனது, நன்றாக இறுகியது. உட்கார்ந்துவிட்டது என்றே நினைத்தேன். போதாததற்கு டெஃப்லான் டேப்பும் நாலு சுற்று சுற்றியிருந்தேன்.

ஹோஸ் மாட்டப் போனபோது அடுத்த தலைவலி. கம்பிப் பின்னல் ஹோஸ் வளையவே மாட்டேன் என்றது. கால் இஞ்ச் அளவில் இந்த வகை 100 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது. பிளாக்குக்கும் ஸ்டீயரிங் ராடுக்கும் நடுவில் எனக்கு இருக்கும் இடமே ஒரு சாண் வராது. மல்லுக்கட்டி மாட்டினால், ஹோஸ் ராடின் மேல் சாய்ந்துகொண்டு, அடாப்டரை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டு நின்றது. எஞ்சினைப் போட்டதும் ஆட்டத்துக்கு ஆட்டம் ராடில் உரசியது. இரண்டு நிமிஷத்தில் அடாப்டரின் அடியிலிருந்து முத்து முத்தாக ஆயில். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். முத்து நூலாக மாறியது. அணைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போனேன். கணபதியில் தெருவுக்கு நாலு லேத் இருக்கிறது. ஆனால் 1960-களின் இங்கிலீஷ் மரையைப் பார்த்துப் பழகிய கை வேண்டும் என்று விசாரித்து, அறுபதைத் தாண்டிய ஓர் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன். நான் கழற்றிக் கொண்டுபோன பித்தளையைக் கையில் வாங்கியதுமே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதல் இரண்டு மரை ஒழுங்காக இருந்தது. அதற்கு மேல் தேங்காய்த் துருவல்.

"ஏனுங்க தம்பி, மரையப் பாக்காமயே முறுக்கிப்போட்டீங்களா?"

"உள்ள போச்சுங்கண்ணா."

"போவும். மாப்பிள்ளை மாதிரிதான் போவும். அப்புறமில்ல தெரியும்."

மேஜை விளக்கைப் போட்டு, பழைய அடாப்டரின் மேல், மரையை அளக்கும் பிட்ச் கேஜின் பல் வெட்டிய இதழ் ஒன்றை வைத்துக் காட்டினார். இதழுக்கும் மரைக்கும் நடுவில் வெளிச்சமே வரவில்லை. இஞ்சுக்கு 28 மரை. அதே இதழை நான் கெடுத்ததன் நல்ல பகுதியில் வைத்தார். நடுவில் இரண்டு பல் பொருந்தியது. இரு ஓரத்திலும் மெல்லிய வெளிச்சக் கீற்று. அது 27 மரை. முதலாவது 1/8 பி.எஸ்.பி., இங்கிலீஷ் மரை, பல்லின் கோணம் 55 டிகிரி. இரண்டாவது 1/8 என்.பி.டி., அமெரிக்க மரை, 60 டிகிரி. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் முன்னதில் 0.907 மி.மீ., பின்னதில் 0.941. இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு சுற்றில் கைக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது சுற்றில் பல் பல்லைக் கடிக்க ஆரம்பிக்கும். அது நமக்கு இறுகுவது போலத் தோன்றும். போதாக்குறைக்கு என்.பி.டி. மரை 16-க்கு 1 என்ற கணக்கில் கூம்பாகப் போகும், ஆப்பு மாதிரி. அண்ணன் கோபப்பட்டது அதற்குத்தான். பிளாக் வார்ப்பு இரும்பு. பித்தளையாக இருந்ததால் பித்தளை செத்தது. அதுவே எஃகு அடாப்டராக இருந்து நான் இன்னும் ஒரு சுற்று முறுக்கியிருந்தால், அந்த இடத்தில் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது.

என் வண்டியில் இந்தத் துளை நேர் மரை. கசிவை நிறுத்துவது மரை இல்லை, அடாப்டரின் தோளுக்குக் கீழே வரும் செப்பு வாஷர்தான். டெஃப்லான் டேப்புக்கு அங்கே வேலையே கிடையாது. இருக்கிற ஒரே வேலை, பிய்ந்து ஆயில் பாதைக்குள் போவது. இன்னொரு அம்பாசடரில் யார் யார் கை பட்டு என்ன மரை இருக்குமோ, நான் சொன்னதை வைத்து வாங்கிவிடாதீர்கள். கழற்றி அளந்து பாருங்கள்.

14 மி.மீ. அறுகோணப் பித்தளை ராடு ஒன்றை லேத்தில் பிடித்தார். ஒரு பக்கம் பிளாக்குக்கு 28 மரை, தோளின் அடிப்பகுதி தட்டையாக, வாஷர் உட்காருவதற்கு. மறுபக்கமும் 28 மரை, உள்ளே 60 டிகிரிக் கூம்பு. கூம்பில் கொஞ்சம் மார்க்கிங் ப்ளூ தடவி, ஹோஸின் மூக்கை வைத்து அரைச் சுற்று திருப்பி எடுத்தார். நீலம் முழு வளையமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. முதல் தடவை பிறைநிலா. இன்னும் துளி சீவினார். இரண்டாவது தடவை முழுநிலா.

நடுத்துளை போடும்போதுதான் நான் கேட்காத ஒன்றைச் செய்தார். நான்கு மி.மீ. துளையை முழு நீளத்துக்கும் போடாமல், பிளாக் பக்கம் கடைசி மூன்று மி.மீ.க்கு மட்டும் 1 மி.மீ. டிரில் விட்டார். "கேஜுக்கு ஆயில் ஓட வேண்டியதில்லீங்க, அழுத்தம் போனாப் போதும். நாளைக்கு ஹோஸ் வெடிச்சாலும் ஒரு மில்லி ஓட்டைல எவ்வளவு கொட்டும்? பார்த்து நிறுத்த நேரம் கிடைக்கும்." முள் ஏறுவது மட்டும் கொஞ்சம் மந்தமாகும் என்றார். நாற்பது நிமிஷ வேலை, 400 ரூபாய். இந்த மொத்தக் கூத்தில் நான் மனப்பூர்வமாகக் கொடுத்த காசு அதுதான். அப்படியே பிளாக்கின் துளையில் மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் கருவியான 28 மரை டேப் ஒன்றையும் இரவல் கொடுத்து அனுப்பினார். பள்ளங்களில் கிரீஸ் நிரப்பிக்கொண்டு கையால் மட்டும் விட்டு எடுத்தேன். பித்தளைத் துருவல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஹோஸ் கடைக்கு மறுபடி போய், பலம் வேண்டாம், வளைய வேண்டும் என்று சொன்னேன். எஃகுக் கம்பி இல்லாமல் துணிப் பின்னல் வைத்த வகை ஒன்று இருக்கிறது. கால் இஞ்ச் அளவில் 400 பி.எஸ்.ஐ. தாங்கும், இரண்டரை இஞ்ச் ஆரம் வரை வளையும். என் எஞ்சினின் 60 பி.எஸ்.ஐ.க்கு, முன்னே சொன்ன அதே நான்கு பார்தான், அது தாராளம். நீளத்துக்கு இந்தத் தடவை பழைய ஹோஸைக் காட்டவில்லை. அது சுருங்கி விறைத்த பிணம், அதை நம்பி அளந்தது என் தப்பு. கட்டுக்கம்பி ஒன்றை அடாப்டரிலிருந்து செப்புக் குழாய் வரை, ராடில் படாமல், மேலே ஒரு வளைவு கொடுத்து வளைத்து, நிமிர்த்தி அளந்தேன். 14 இஞ்ச். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது வலிப்பு வந்த மாதிரி ஒரு உதறு உதறும், அதற்கும் அதில் இடம் இருக்கிறது. இரண்டு முனையிலும் பி.எஸ்.பி. நட்டு, 60 டிகிரி மூக்கு. 420 ரூபாய். வாங்குவதற்கு முன் கடையிலேயே புது அடாப்டரில் கையால் கடைசி வரை சுற்றிப் பார்த்தேன். ஆறு சுற்று, ஒரே சீராக. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

இரண்டாவது ஞாயிறு மாட்டினேன். செப்பு வாஷர் புதிதுதான், இருந்தாலும் கடையில் கிடந்து கெட்டியாகியிருந்தது. இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பின் தீயில் காட்டினேன். முதலில் வானவில் மாதிரி நிறம் ஓடியது, அப்புறம் கருத்து, பின்பு மங்கலான செம்பருத்திச் சிவப்பு. அந்தச் சிவப்பிலேயே தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டேன். எடுத்து விரலால் அழுத்தினால் லேசாக நெளிகிறது. அந்த மென்மைதான் வேண்டும். அடாப்டரைக் கையால் கடைசி வரை சுற்றி, ஸ்பேனரில் கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவே. ஹோஸ் நட்டை இறுக்கும்போது அடாப்டரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டேன். ஹோஸின் மேல் நீளவாக்கில் எழுத்து அச்சிட்டிருக்கும். அந்த வரி நேராக இருக்கிறதா, கயிறு மாதிரி முறுக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும், ஹோஸ் முறுக்கிக்கொள்ளாது.

காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினேன். ஐந்து விநாடி, முள் அசையவில்லை. கொஞ்சம் ஆற விட்டு மறுபடி. மூன்றாவது தடவை முள் சோம்பல் முறித்த மாதிரி எழுந்து 20-க்கு வந்தது. ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். 60. அடாப்டரின் அடியில் டிஷ்யூ பேப்பரை வைத்து எடுத்தேன், வெள்ளை வெளேர் என்று இருந்தது. துள்ளிக் குதிக்காத குறை.

பத்து நிமிஷம் கழித்து உள்ளே உட்கார்ந்தால், இடது காலின் மேல் ஒரு சொட்டு.

கேஜின் பின்னால், செப்புக் குழாய் வந்து சேரும் நட்டுக்குள் ஒரு தோல் வாஷர் இருக்கிறது. மிளகு அகலம்தான். அதுவும் அப்பா காலத்தது. இத்தனை நாள் அசையாமல் இருந்ததால் கசியவில்லை. நான் குழாயை அசைத்ததில் பொடிந்துவிட்டது. இந்த அளவில் தோல் வாஷர் எங்கே கேட்டாலும் இல்லை. ஓ-ரிங் போட்டுப் பார்த்தேன், நட்டு இறுகியதும் நசுங்கி வெளியே பிதுங்கியது. கடைசியில் என் பழைய பர்ஸ் ஒன்றைப் பலி கொடுத்தேன். வெளிவட்டத்துக்கும் நடுத்துளைக்கும் இரண்டு அளவு பஞ்ச், ஏழெட்டு வெட்டியதில் மூன்று தேறியது. ஒரு இரவு எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்டு, மூன்றாவது ஞாயிறு மாட்டினேன். நின்றது. மிச்சம் இரண்டும் மாத்திரை டப்பாவில், ஆயிலோடு, டேஷ்போர்டு அறையில் இருக்கின்றன.

இப்போது சூடான எஞ்சினில் ஐடிலில் 18, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் 48. லேத் அண்ணன் சொன்ன மாதிரி முள் ஏறுவது மந்தம்தான், ஆக்சிலேட்டருக்கு ஒரு விநாடி பின்னால் வருகிறது. முன்பெல்லாம் துடித்துக்கொண்டே இருக்கும், இப்போது சம்சாரி மாதிரி நிதானம். எனக்குப் பிடித்திருக்கிறது.

செலவு: லேத் 400, சரியான ஹோஸ் 420, செப்பு வாஷர் நாலு 40, ஆயில் இரண்டு லிட்டர் 700. மொத்தம் 1,560. தப்பாக வாங்கியவை, அதாவது இரண்டு அடாப்டர், ஜேசிபி ஹோஸ், டெஃப்லான் டேப், ஓ-ரிங், எல்லாம் சேர்த்து 560-க்குப் பக்கம். இவ்வளவுக்கும் பிறகு 220 ரூபாய்க்கு ஒரு பிட்ச் கேஜ் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது.

மறுபடி செய்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். பிளாக்கில் T வடிவ இணைப்பு ஒன்று, அதாவது ஒரு டி போட்டு, கேஜோடு பழைய சிவப்பு விளக்கின் ஸ்விட்சையும் சேர்த்துக்கொள்வேன். என் மகள் ஓட்டப் பழகுகிறாள், அவள் முள்ளைப் பார்ப்பதில்லை. விளக்கு எரிந்தாலாவது பார்ப்பாள். ஆனால் டி நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் கனம் முழுக்க அந்தச் சின்ன மரையில் தொங்கும். அதனால் அதற்குத் தனியாக ஒரு தாங்கு தகடு அடிக்க வேண்டும். இன்னொன்று, டிக்கியில் ஆயிலோடு கூட, 28 மரையில் ஒரு அடைப்பு மூடியும் செப்பு வாஷரும் போட்டு வைப்பேன். லேத்தில் சொல்லியிருக்கிறேன். குண்டு உயிரைக் காப்பாற்றியது உண்மை, அடாப்டரைக் கெடுத்ததும் உண்மை.

அட்டையில் சொட்டே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது ஒரு முழம் பின்னால், கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் காட்டர் பின் தொங்கும் துளையிலிருந்து. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் ஒரு சுருள் பள்ளம்தான். அந்தச் சொட்டு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து விழுகிறது. அதற்குக் கீழே அம்மா கழித்துப்போட்ட தோசைக்கல் ஒன்றை வைத்திருக்கிறேன்.